பச்சை இகுவானா: 90 செ.மீ. கண்ணாடித் தொட்டி போதுமா?

#1 · மாடத்து ஓணான்

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக இரண்டு சிறுத்தைப் பல்லிகளை வளர்த்து வருகிறேன். அவை நலமாக இருக்கின்றன. பெரிய பல்லி ஒன்றை வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தெரிந்தவர் ஒருவரிடம் பச்சை இகுவானாக் குஞ்சு இருக்கிறது. வால் நுனி வரை அளந்தால் 28 செ.மீ. என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னிடம் 90 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. 75 வாட் விளக்கும், மின்சாரத்தில் சூடாகும் வெப்பக்கல்லும் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்கிறார். இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்று யாராவது ஒரு பட்டியல் கொடுத்தால் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.

#2 · செதிலன்

முதல் வேலையாக அந்த ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்யுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினொரு ஆண்டுகளாக ஓர் ஆண் இகுவானா என் வீட்டில் இருக்கிறது. பெயர் கொண்டை. மூக்கு முதல் வால் நுனி வரை 1.6 மீட்டர், எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். அதுவும் உங்கள் கையில் ஏறியதைப் போன்ற குஞ்சாகத்தான் வந்தது. முதல் ஆண்டு முடிவதற்குள் நீளம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. இன்று அது இருக்கும் கூண்டு 1.8 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம். வளர்ந்த இகுவானாவுக்கு இது குறைந்தபட்ச அளவு. உள்ளே நான் நின்றுகொண்டு கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்திப் பார்த்தும் இருக்கிறேன்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போயிருக்கும். இகுவானா அதே கிளையில் படுத்துக்கொண்டிருக்கும்.

அந்த வெப்பக்கல்லை யாருக்கும் கொடுத்துவிடாமல் குப்பையில் போடுங்கள். பகலில் விழித்திருக்கும் பல்லிகள் தலைக்கு மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகியவை. அடிவயிறு சுட்டால் எழுந்து விலக வேண்டும் என்பது அவற்றுக்குச் சரியாகத் தெரிவதில்லை. தோல் வெந்த பிறகும் அதன் மேலேயே படுத்திருக்கும்.

#3 · மாடத்து ஓணான்

நன்றி ஐயா. கோபமெல்லாம் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் 28 செ.மீ. குஞ்சுக்கு இப்போதைக்குத் தொட்டி போதும் அல்லவா? வளர வளரக் கூண்டைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே?

#4 · தச்சன் மகள்

"வளர வளரப் பெரிதாக்கிக்கொள்ளலாம்." எங்கள் பட்டறையில் இந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி மாட்டலாமா என்று நினைத்ததுண்டு.

அப்பா கட்டில், அலமாரி செய்தார். நான் ஊர்வனவற்றுக்குக் கூண்டு செய்கிறேன். குஞ்சோடு தொட்டி வாங்கியவர்கள் எட்டாவது மாதம் பதறிக்கொண்டு வருவார்கள். பல்லியின் மூக்கில் சிவப்பாகத் தேய்ந்த புண் இருக்கும். கண்ணாடி வழியே வெளியே தெரிகிறது, போக முடியவில்லை. முட்டி முட்டித் தேய்த்துக்கொண்டது. அவசரத்தில் செய்யும் கூண்டு ஒருநாளும் சரியாக வராது. குஞ்சுக்குச் சில மாதங்கள் சிறிய கூண்டு இருப்பதில் தவறில்லை. பெரிய கூண்டு அதற்கு முன்பே பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும்.

ஏன் முன்பே என்றால், காய வேண்டியவை அவ்வளவு இருக்கின்றன. 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் உட்புறம் முழுவதும் தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு. மூலைகளில் பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோன். இகுவானாவுக்கு ஈரப்பதம் 65 முதல் 80 சதவீதம் வேண்டும். சரியாகப் பூசாத பலகை ஓராண்டில் கரும்புள்ளி கண்டு உப்பிவிடும். பூசி முடித்த பின் இரண்டு வாரமாவது ஆறப்போடுங்கள். பிறகு விளக்குகளை எரியவிட்டுக் கதவைச் சாத்தி, மறுநாள் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். லேசான வார்னிஷ் வாசனை வந்தாலும் இன்னும் நாளாகவில்லை என்று பொருள். வேறு கருவி எதுவும் தேவையில்லை, மூக்கு போதும்.

கிளை அதன் உடம்பின் பருமனுக்குக் குறையக் கூடாது. அதை வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள். பொருத்திய பின் உங்கள் இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். 5 கிலோ விலங்கு மெல்ல ஏறி இறங்கும் என்று எண்ண வேண்டாம். மேல் தட்டிலிருந்து தொப்பென்று குதிக்கும்.

படுக்கும் தட்டு உங்கள் கண் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். மரத்தின் உச்சியில் வாழும் பிராணி. நீங்கள் எப்போதும் மேலே நின்று குனிந்து பார்த்தால் அதற்கு நீங்கள் பருந்து.

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. நான் செய்த முதல் பெரிய கூண்டு பட்டறைக் கதவைத் தாண்டி வெளியே போகவில்லை. 4 செ.மீ. அதிகம். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அளவு நாடாவை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எல்லாக் கூண்டையும் பிரித்துப் பூட்டும் பகுதிகளாகத்தான் செய்கிறேன். உங்கள் அறைக் கதவின் அகலத்தை இன்றே அளந்து வையுங்கள்.

#5 · மின்வினைஞர்

அக்கா மரத்தைச் சொல்லிவிட்டார். மின்சாரத்துக்கு நான்.

1.8 மீட்டர் கூண்டில் ஒரு 75 வாட் விளக்கு என்பது கோயில் மண்டபத்தில் அகல் விளக்கு. ஒரே சக்தி வாய்ந்த விளக்கைப் போட்டாலும் சரியாகாது. அதன் சூடு உள்ளங்கை அகலத்தில் விழும். வளர்ந்த இகுவானாவின் உடல் மட்டுமே, வாலை விட்டுவிட்டால், 40 செ.மீ. அளவு. நடுமுதுகு தீய்ந்துகொண்டிருக்கும்போது இடுப்பும் தோளும் குளிர்ந்து கிடக்கும். குளிர்கிறதே என்று அது இன்னும் நெருங்கிப் போகும். ஆகவே குறைந்த வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டு மூன்றை வரிசையாகப் போட்டு, முழு உடம்புக்கும் வெயில் விழும்படி செய்யுங்கள்.

வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி. எதிர்மூலை 26 முதல் 28. இரவில் விளக்குகள் அணைந்த பின் 22க்குக் கீழே இறங்கக் கூடாது. இரவுக்கு வெளிச்சம் தராத பீங்கான் வெப்பமூட்டி போடுங்கள். சிவப்பு, நீல விளக்கெல்லாம் வேண்டாம்; அதன் தூக்கம் கெடும். பீங்கான் வெப்பமூட்டிக்கு ஹோல்டரும் பீங்கானாகவே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகும். சூடாகும் எதுவும் கம்பிக்கூட்டுக்குள் இருக்கட்டும். இகுவானா விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிய கதை எனக்குத் தெரியும்.

தெர்மோஸ்டாட் கட்டாயம். அதைவிட முக்கியம் அதன் உணர்முனையை எங்கே வைக்கிறீர்கள் என்பது. ஒருவர் வீட்டில் அந்த முனை ஒட்டு விட்டுத் தரையில் விழுந்துவிட்டது. தரை குளிர்ச்சி. "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக்கொண்ட தெர்மோஸ்டாட் இரவு முழுவதும் வெப்பமூட்டியை ஓடவிட்டது. காலையில் மேல்தட்டில் 47 டிகிரி. நல்ல வேளையாக அப்போது கூண்டு காலி. முனையைக் கவ்வி போட்டு திருகி வையுங்கள், டேப்பை நம்பாதீர்கள்.

தண்ணீர் தெளிக்கும் கூண்டு என்பதால் கசிவு மின் துண்டிப்பான் இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது. கூண்டிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியும் சாக்கெட்டுக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளையட்டும். கம்பி வழியே ஒழுகும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

அடுத்து யூவிபி. இது வெறும் வெளிச்சம் அன்று. 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் புற ஊதாக்கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அது உருவாகி முடிய உடம்பில் சூடும் வேண்டும். எனவே யூவிபி குழல்விளக்கையும் வெயில் விளக்குகளையும் ஒரே பக்கம் வையுங்கள். டி5 எனப்படும் மெல்லிய நீளக் குழல், கூண்டின் பாதி அகலத்துக்காவது. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வந்தால் கதிர் நின்றுவிடும். கம்பிவலை வந்தாலும் கணிசமாகக் குறையும். குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி தீர்ந்துபோயிருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அல்லது புற ஊதாக் குறியீட்டு மானி வாங்கி அளந்துகொண்டே இருங்கள்.

#6 · தேகு தாசன்

இவ்வளவு பாடுபடுவதாக இருந்தால் இகுவானா எதற்கு? தேகு வளருங்கள்! அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளைத் தேகுப் பல்லி. 1.2 மீட்டருக்கு மேல் வளரும். நம் குரலுக்கு வரும். மடியில் தலையை வைத்துத் தூங்கும். இகுவானா நம்மைப் பொறுத்துக்கொள்கிறது. தேகு நம்மைத் தேடி வருகிறது.

இன்னொரு வியப்பு. இனப்பெருக்கக் காலத்தில் இது தன் உடம்புச் சூட்டைத் தானே உயர்த்திக்கொள்கிறது. சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை அதிகம் இருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். குளிர்ரத்தப் பிராணி என்று இனி யாராவது சொன்னால் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

#7 · தச்சன் மகள்

தாசன், உங்கள் கூண்டைச் செய்தவளே நான்தான். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம், உள்ளே 30 செ.மீ. உயரத்துக்கு மண். அந்த மண்ணைச் சுமந்து மாடியேற்றியவர்கள் இன்னும் உங்களோடு பேசுகிறார்களா?

#8 · தேகு தாசன்

ஒருவர் மட்டும் பேசுகிறார்.

சரி, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தேகு எல்லாம் தின்னும்: பூச்சி, முட்டை, மீன், பழம். எச்சம் நாறும். தோண்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். அந்த நேரத்தில் இல்லாத பல்லிக்குக் காவல் இருப்பது போல ஒரு தனிமை. தாடையோ நெறிக்கும் தாடை. ஆனாலும் தேகுதான்.

#9 · புதியவன்07

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இகுவானா, தேகு எல்லாம் வெளியூர்ச் சரக்கு. உடும்பு ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன? பிடித்தால் விடாது என்பார்களே.

#10 · செதிலன்

பிடித்தால் விடாதது சட்டமும்தான். வங்காள உடும்பு காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உடும்பு இனங்களில் ஒன்றுகூட அந்த உடன்படிக்கைக்கு வெளியே இல்லை. காட்டிலிருந்து எதையும் பிடிக்க வேண்டாம்.

இகுவானாவும் இரண்டாம் பட்டியலில் உண்டு. வளர்க்கலாமா, பதிவு செய்ய வேண்டுமா, எந்த ஆவணம் வேண்டும் என்பதை அவரவர் நாட்டு வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் பலகை வாங்கவே போக வேண்டும். மாடத்து ஓணான், உங்கள் நண்பரிடம் அந்தக் குஞ்சு எங்கே பிறந்தது என்பதற்குத் தாள் இருக்கிறதா?

#11 · மாடத்து ஓணான்

கேட்டேன். "அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். அந்தப் பதிலோடு ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. குஞ்சின் முகம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது கூண்டைத் தொடங்குகிறேன். பல்லி பிறகு. உணவு பற்றி யாராவது சொல்லுங்கள். இணையத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

#12 · கீரைக்கட்டு

இலை. இலை. பிறகும் இலை. இகுவானா முட்டையிலிருந்து வந்த நாள் முதல் இலை தின்னும் பிராணி. குஞ்சுக்குப் பூச்சி வேண்டும் என்பது பழைய தவறு.

இலையைச் செரிப்பது அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான். பிறந்த குஞ்சுக்கு அவை கிடையாது. பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று, அதன் வழியாக அந்த நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் பெற்றுக்கொள்கின்றன. 1982இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. முகம் சுளிக்காதீர்கள், நமக்குத் தயிர் உறை இருக்கிறது, அவற்றுக்கு அது. அந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யச் சூடு வேண்டும். வெப்பம் சரியில்லாத கூண்டில் எவ்வளவு நல்ல இலை போட்டாலும் வயிற்றில் கிடந்து அழுகும். ஆகையால் மின்வினைஞர் சொன்னதும் உணவுக் குறிப்புதான்.

கால்சியம் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கடுகுக்கீரை, டான்டேலியன் இலை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை ஆகியவை நல்லவை. பூசணியைத் துருவிக் கொஞ்சம் சேர்க்கலாம். பாலக் கீரையை அன்றாடம் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாலட்டுக்குப் போடும் வெளிறிய லெட்டூஸில் தண்ணீரைத் தவிர அதிகம் இல்லை. பழம் விருந்துக்கு மட்டும். மருந்தடித்த இலை, சாலையோர இலை கூடாது. முடிந்தால் இரண்டு செம்பருத்திச் செடி இப்போதே நட்டுவிடுங்கள். கூண்டு காய்வதற்குள் அதுவும் துளிர்த்துவிடும்.

#13 · வெயில்பிரியன்

என் இகுவானா வாரம் ஒருமுறை அவித்த முட்டை தின்கிறது. நான்கு வயது. எருமை மாதிரி இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து வளர்ப்பவர்கள் பயமுறுத்தாதீர்கள்.

#14 · கால்நடை மாணவி

நான்கு வயதில் எருமை மாதிரி இருப்பது உண்மையாகவே இருக்கும். சிக்கல் அப்போது தெரிவதில்லை. விலங்குப் புரதம் மிகும்போது யூரிக் அமிலம் மிகுந்து, சிறுநீரகம் பாழாகி, மூட்டுகளில் படியும். இகுவானாவுக்கு நோய் வெளியே தெரியும் நேரத்தில் சிறுநீரகத்தில் பெரும்பகுதி போயிருக்கும். முட்டையை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள் அண்ணா. நன்றாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மாடத்து ஓணானுக்கு: ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரை இப்போதே தேடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது. தொலைபேசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: "பெண் இகுவானாவுக்கு முட்டை அடைத்துக்கொண்டால் நீங்கள் அறுவை செய்வீர்களா?" பெண் இகுவானா ஆணே இல்லாமலும் முட்டை வைக்கும். ஒரே ஈட்டில் 20 முதல் 70 வரை இருக்கலாம். தோண்டி இட ஆழமான மணல் பெட்டி இல்லையென்றால் உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகும். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்தான் உங்கள் மருத்துவர்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா?

#15 · மாடத்து ஓணான்

மகளுக்கு மூன்று வயது. ஏன் கேட்கிறீர்கள்?

#16 · கால்நடை மாணவி

சால்மொனெல்லா. பார்க்க நலமாக இருக்கும் பல்லியின் எச்சத்திலும் அந்தக் கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். மகள் பார்க்கலாம், தொடக் கூடாது. கூண்டு இருக்கும் அறையில் தவழ்ந்து விளையாடவும் கூடாது. பல்லியின் தட்டையும் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. தனி வாளி, தனி தேய்ப்பான். "இரண்டு ஆண்டு காத்திருங்கள்" என்று நான் சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

#17 · செதிலன்

இதுவரை இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

கொண்டை வந்த முதல் ஆண்டு யூவிபி விளக்கு வாங்கவில்லை. கூண்டைத் தெற்குச் சன்னலோரம் வைத்தேன். நாள் முழுவதும் வெயில் விழுகிறது, இதைவிடவா ஒரு விளக்கு என்று நினைத்தேன். சன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி யூவிபியை நிறுத்திவிடும் என்பது எனக்குத் தெரியாது.

ஏழாவது மாதம் முன்னங்கால்கள் பருத்தன. நல்ல தீனி, உடம்பு பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். பிறகு விரல்கள் தாமாகத் துடிக்கத் தொடங்கின. ஒருநாள் இலையைக் கடிக்கும்போது கீழ்த்தாடை ரப்பர் போல வளைந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை போல ஏதோ தெரிந்தது. பருத்தது சதை அன்று. கால்சியம் போன எலும்பைத் தாங்குவதற்காக உடம்பு நாராகச் சுற்றிப் போட்ட கட்டு.

பிழைத்துக்கொண்டது. எட்டு மாத மருத்துவம். கீழ்த்தாடை இன்றும் இடப்பக்கம் கோணல்தான். அந்தப் பக்கம் நாக்கு நுனி கொஞ்சம் வெளியே தெரியும். பார்க்கிறவர்கள் சிரிக்கிறது என்பார்கள்.

#18 · மாடத்து ஓணான்

ஐயா, இதைப் படித்துவிட்டு வார்னிஷ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

#19 · மாடத்து ஓணான் (ஒன்பது வாரங்களுக்குப் பின்)

கூண்டு முடிந்தது. அறைக்கதவு அகலம் 81 செ.மீ. என்பதால் நான்கு பகுதிகளாகச் செய்து உள்ளே பூட்டினேன். தச்சன் மகள் அனுப்பிய வரைபடத்துக்கு நன்றி. கிளையில் தொங்கியும் பார்த்தேன். ஒரு போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது, நானும் வந்தேன். இப்போது அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்திருக்கிறேன்.

21 நாட்கள் காலிக் கூண்டை ஓட்டினேன். காலை ஏழு மணிக்கு விளக்கு எரியும், மாலை ஏழு மணிக்கு அணையும், நாளைக்கு ஆறு முறை அளந்து ஏட்டில் எழுதினேன். மனைவி அந்த ஏட்டைப் பார்த்துவிட்டு, மகள் பிறந்தபோது பாலூட்டிய நேரத்தைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் குறிக்கவில்லை என்றார்.

பகலில் எல்லாம் சரி. வெயில் தட்டு 37, எதிர்மூலை 27. ஆனால் 12ஆம் இரவு மழையும் காற்றும். அதிகாலை ஐந்து மணிக்கு உள்ளே 19.5 டிகிரி. பீங்கான் வெப்பமூட்டி ஒன்று போதவில்லை. இரண்டாவதைப் பொருத்தி, பின்சுவருக்கு வெளியே வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டினேன். இப்போது 23க்குக் கீழே போவதில்லை. உள்ளே பல்லி இருந்திருந்தால் அந்த இரவு என்ன ஆகியிருக்கும்?

#20 · மின்வினைஞர்

ஓரிரவு 19.5 என்றால் செத்துப்போயிருக்காது. மந்தமாகி, செரிக்காமல், தொடர்ந்தால் மூச்சுத்தொற்று வந்திருக்கும். உண்மையான குளிரில் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவைப் பாருங்கள். அங்கே மனிதர்கள் விட்டுவிட்ட இகுவானாக்கள் பெருகிக் காடாகிக் கிடக்கின்றன. 2020 ஜனவரியில் குளிர் இறங்கியபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம், கவனம் என்று மியாமியின் வானிலை அலுவலகமே அறிவித்தது. விறைத்துப்போய் விழுகின்றன; பல வெயில் ஏறியதும் எழுந்து நடக்கின்றன.

ஏடு எழுதியதற்குக் கைகுலுக்கல். எனக்குத் தெரிந்து இந்த 21 நாளை முழுதாக ஓட்டிய மூன்றாவது ஆள் நீங்கள்.

#21 · செதிலன்

எனக்கு ஒரு யோசனை. குஞ்சு தேட வேண்டாம். ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறார். நான்கு வயது ஆண், 1.3 மீட்டர், ஆவணம் சரியாக இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். வால் ஒருமுறை ஒடிந்து வளர்ந்திருக்கிறது, நுனி மட்டும் வரி இல்லாமல் கறுப்பு. மற்றபடி தாடை உறுதி, நாக்கு சிவப்பு.

முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆண் இகுவானா இனப்பெருக்கக் காலத்தில் ஆரஞ்சு நிறம் ஏறி, தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடும் உங்களோடும் சண்டைக்கு வரும். கொண்டை பத்து மாதம் சாது. மீதி நாட்களில் நான் தடிமனான கையுறையோடு போகிறேன். வாலை முகத்துக்கு எட்டும் தூரத்தில் விடாதீர்கள், சாட்டை அடி. கையை மேலிருந்து கொண்டுபோகாதீர்கள். உச்சந்தலையில் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாம் கண் ஒன்று இருக்கிறது. மேலே நிழல் விழுந்தால் பருந்து என்றே அது எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து, மெதுவாக, அது பார்க்கும்படி.

#22 · மாடத்து ஓணான்

மனைவியிடம் பேசினேன். அறைக்கதவுக்கு மகளுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தால் சரி என்றார். வைத்தாயிற்று. மருத்துவரிடம் அந்தக் கேள்வியையும் கேட்டேன். முதல் இருவர் "என்ன இகுவானா?" என்றார்கள். மூன்றாமவர், "செய்வேன், ஆனால் மணல் பெட்டியை முதலில் வையுங்கள்" என்றார். நம்முடையது ஆண் என்று சொன்னேன். "தொடையின் அடியில் துளைகள் பெரிதாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். பிடித்துப்போய்விட்டது.

#23 · மாடத்து ஓணான் (நான்கு வாரங்களுக்குப் பின்)

வந்து ஒன்பது நாளாகிறது. தொடைத் துளைகள் பெரியவைதான், ஆண்தான். எச்சத்தைப் பரிசோதித்ததில் குடற்புழு கொஞ்சம் இருக்கிறது, மருந்து கொடுத்தாயிற்று.

முதல் ஐந்து நாள் எதையும் தொடவில்லை. மேல்தட்டின் பின்மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நீங்கள் எல்லோரும் சொன்னபடி நான் உள்ளே கை விடவில்லை. அறையில் நாற்காலி போட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் காலை செம்பருத்திப் பூ ஒன்று மட்டும் தட்டில் குறைந்திருந்தது. காம்பு கிடந்தது. நேற்று நான் பார்க்கும்போதே கடுகுக்கீரை தின்றது. தாடைக்குக் கீழே தொங்கும் தோல் ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஆடுகிறது. தண்ணீர்த் தொட்டியில்தான் எச்சம் இடுகிறது, அது நல்ல பழக்கம் என்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கண்ணாடிக் கதவின் உட்புறம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு தெளித்த மாதிரி. துடைத்தால் போகிறது, மறுநாள் மறுபடி வருகிறது. காலையில் அது தும்முவதையும் பார்த்தேன். சளியா? மருத்துவரை அழைக்கட்டுமா?

#24 · செதிலன்

மூக்கு ஒழுகவில்லை, வாயைத் திறந்து மூச்சு விடவில்லை என்றால் வேண்டாம். அது உப்பு. உடம்பில் மிகுந்த உப்பை மூக்கிலுள்ள சுரப்பி வழியே தும்மி வெளியேற்றும். தண்ணீரை வீணாக்காமல் உப்பைக் கழிக்கும் வழி.

ஈரத்துணி ஒன்றைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக மாட்டி வையுங்கள். நான் பதினொரு ஆண்டுகளாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

#25 · மாடத்து ஓணான்

மாட்டிவிட்டேன். மகள் அதற்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்துவிட்டாள். துணிக்கு அன்று, பல்லிக்கு.